டெஸ்மண்ட் மாஸ்டரின் முன்பல்

பேசாதீங்கம்மா, பஞ்சு விழுந்துடும். அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டே உக்காருங்கன்னு நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். கடவாய்ப்பல்லா? அதானே. கடவாய்ப்பல்லுன்னா கவலையே இல்ல. போனாலும் வெளிய தெரியாது, சோத்தை அந்தாண்ட தள்ளி மென்னுக்கலாம். எனக்கு முன்பல்லு. மேல, சரியா நடுவுல. நாக்கு பட்டாலே ஆடுது, இதோ பாருங்க. பாக்க வேணாமா? சரி விடுங்க.

எனக்கு முன்னாடி இன்னும் மூணு பேர் இருக்காங்க. என்கூட வந்தவன் வெளிய படிக்கட்டுல உக்காந்திருக்கான், வெள்ளைச் சட்டை. ரங்கன்னு பேரு. ஏசி ஒத்துக்காதாம் அவனுக்கு. என்னை ஆட்டோவுல கூட்டிட்டு வந்ததும் அவன்தான், உள்ள போய் டோக்கன் வாங்கினதும் அவன்தான். செலவும் அவனோடதுதான். இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம். கூடப் பொறந்தவன் செய்வானா?

நீங்க பெரம்பூர்தானா? அப்போ டெஸ்மண்ட் அண்ட் ஹிஸ் பிராஸ்னு கேள்விப்பட்டிருக்கணுமே. இல்லையா? ரயில்வே காலனிப் பக்கம் போனதே இல்லையா? போகட்டும். அந்த டெஸ்மண்ட் நாந்தான். டெஸ்மண்ட் பாக்கியநாதன். டிரம்பெட். நாப்பது வருஷமா பேண்டு நடத்துறேன். கல்யாண ஊர்வலத்துல தொப்பி போட்டுக்கிட்டு வர்ற பேண்டு செட்டுன்னு நெனைச்சுடாதீங்க. எங்களுது ஜாஸ் ராக். கீழ டிரம்ஸும் கிடாரும் இடிச்சுக்கிட்டே இருக்கும். மேல மூணு டிரம்பெட், ரெண்டு டிராம்போன், ஒரு சாக்ஸ். பாடறவன் எங்களுக்கு ரெண்டாம்பட்சம். பித்தளைதான் பாடும்.

எங்க பேண்டுல ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டு முடியுறப்போ எல்லா வாத்தியமும் சட்டுனு நின்னுடும். ஒத்த டிரம்பெட் மட்டும் மேல ஏறி, ஏறி, உச்சத்துல ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதை நாங்க உச்சின்னுதான் சொல்லுவோம். அந்த உச்சியை எவன் பிடிக்கிறானோ அவன்தான் மேடை நடுவுல நிக்கணும். பேண்டு யார் பேர்ல இருந்தா என்ன, போஸ்டர்ல யார் மூஞ்சி இருந்தா என்ன, நடு இடம் அவனுக்குத்தான். இந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவனே நாந்தான். யோசிக்காம கொண்டு வந்துட்டேன்.

டிரம்பெட்ல சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? பித்தளையிலேர்ந்தா? உதட்டுலேர்ந்தும்மா. உதட்டுக்கு முட்டு குடுக்குறது பல்லு. பல்லு எப்படி நிக்குதோ அப்படித்தான் காத்து போகும். மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. எனக்குச் சொல்லிக் குடுத்தவர் போலீஸ் பேண்டுல இருந்தவர். மொத நாளே சொன்னாரு, கையை உடைச்சுக்கோ, காலை உடைச்சுக்கோ, பல்லு டாக்டர் வீட்டுப் படி மட்டும் ஏறாதேன்னு. நானும் ஏறினதில்ல. பின்பல்லு ரெண்டு சொத்தையா இருந்தப்போகூட கிராம்பை வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பேனே தவிர ஏறினதில்ல. கிளாடிஸ் திட்டுவா. கிளாடிஸ் என் வீட்டுக்காரி. பழைய ஆளு பேச்சையெல்லாம் பிடிச்சுக்கிட்டு அவஸ்தைப்படுறீங்களேன்னு திட்டுவா.

இந்த ரங்கன் எங்ககிட்ட வந்தது தொண்ணூத்திரெண்டுல. பொன்னுரங்கம்னு முழுப்பேரு. புளியந்தோப்பு. அவங்க அப்பா பேண்டு செட்டுல கிளாரினெட் ஊதினவரு. கல்யாணம், சாவு, எலெக்‌ஷன், கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போவாங்க. இவனுக்கு நோட்டு படிக்கத் தெரியாது. நான் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா எழுதி வெச்சா, இவன் பேப்பரைத் திருப்பிப் போட்டு அது மேல டீ கிளாஸை வெப்பான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா ஒரு தரம் கேட்டா போதும், ஊதிடுவான். ரெண்டாவது தரம் நான் எழுதாததையும் சேத்து ஊதுவான். பசங்க சிரிப்பாங்க. மாஸ்டர், அதையும் எழுதி வெச்சுக்கங்கன்னு என்னையே கிண்டல் பண்ணுவாங்க.

அவனுக்கு ஒரு தெத்துப்பல்லு. மேல் வரிசையில நடுப் பல்லு ஒண்ணு பக்கத்துப் பல்லு மேல ஏறிக்கிட்டு நிக்கும். சிரிச்சா மொதல்ல அதுதான் வரும், அப்புறம்தான் ஆளு வருவான். பாக்க நல்லா இருக்காதும்மா, சத்தியமா. ஆனா அந்த ரெண்டு பல்லுக்கும் நடுவுல ஒரு சந்து. மவுத்பீசை, அதான் டிரம்பெட் நுனியில மாட்டி ஊதுற சின்ன வாய், உதட்டுல வெச்சா, காத்து அந்தச் சந்துலேர்ந்து ஊசி மாதிரி போகும். நாங்க கழுத்து நரம்பு புடைக்க, கண்ணு பிதுங்க ஏறுற எடத்துக்கு அவன் பீடி ஊதுற மாதிரி ஏறிடுவான். ஏறி அங்கேயே உக்காந்துக்குவான். அவன்கூட ஊதின மொத வாரமே எனக்குப் புரிஞ்சு போச்சு, வித்தை ஆளுகிட்ட இல்ல, அந்தப் பல்லுலதான் இருக்குன்னு. அதிர்ஷ்டம். வேற என்ன? நான் எட்டு வருஷம் மூச்சுப் பிடிச்சுக் கத்துக்கிட்டதை இவனுக்கு ஆண்டவன் கோணல் பல்லா குடுத்து அனுப்பிட்டான்.

பொறாமையா? ஏன் அப்படிப் பாக்குறீங்க? எனக்கா? நான் அப்படிப்பட்ட ஆளே இல்லம்மா. பொறாமை இருந்தா அவனைப் பேண்டுல வெச்சிருப்பேனா? எரிச்சல் இருந்துச்சு. அது வேற.

அடுத்த வருஷம் காலனி கிளப்புல ஈஸ்டர் டான்ஸ். எனக்குக் காய்ச்சல், ஊதுறேன், ஆனா உச்சிக்கு மூச்சு எட்டாதுன்னு தெரிஞ்சு போச்சு. கடைசிப் பாட்டுல நான் திரும்பிப் பாத்து, நீ எடுத்துக்கோன்னு கண்ணைக் காட்டினேன். அவன் நடுவுக்கு வரக்கூட இல்ல. ஓரத்துலயே நின்னான். அங்கேர்ந்தே பிடிச்சான். ஆடிக்கிட்டிருந்த ஜோடியெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. ஹால் முழுக்க ஓரத்தைப் பாக்குது, நான் நடுவுல நிக்கிறேன். கிளப் செக்ரட்டரி என்கிட்ட வந்து, டெஸ்மண்ட், கிறிஸ்துமஸுக்கு அந்தப் பல்லுக்காரப் பையனை நடுவுல விடுப்பான்னு சொல்லிட்டுப் போனாரு. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். வீட்டுக்குப் போனதும் கிளாடிஸ் கையை நீட்டிக் காட்டறா. இன்னும் புல்லரிச்சது அடங்கலைங்க, பாருங்களேன்னு. கல்யாணமாகி பன்னெண்டு வருஷம், ஒரு நாள் எனக்கு அந்தக் கையை நீட்டினதில்ல.

அன்னைக்கு நான் சாப்பிடல. அவமானமா இருந்துச்சு.

அப்புறம் பாருங்க, ஐப்பசியில அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. வியாசர்பாடிப் பொண்ணு. தை மாசம் முகூர்த்தம். நான் அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். ரங்கா, ஆயுசுக்கும் இருக்கப்போற கல்யாண போட்டோ, அதுல இந்தப் பல்லு துருத்திக்கிட்டு நிக்கணுமாடா, எடுத்துட்டு வரிசையா கட்டிடலாம், செலவு என்னோடது, என் கல்யாணப் பரிசுன்னு வெச்சுக்கோன்னேன். அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா. மாஸ்டரு, எங்கப்பாகூட எனக்கு இப்படிச் செய்யலையேன்னான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். ஊதுறதுக்கு ஒண்ணியும் ஆவாதே மாஸ்டரு? ஒரு வாரம் உதடு வலிக்கும், அப்புறம் பழைய மாதிரிதான்னு சொன்னேன். நான் டாக்டரா என்ன? எனக்கென்ன தெரியும்?

கிராம்பு விஷயம் வேறம்மா. அது என் பல்லு. என் வசதிக்கு நான் வெச்சுக்கிட்டேன். நீங்க ரொம்பக் கூர்ந்து கேக்குறீங்க.

நானே கூட்டிட்டுப் போனேன். இந்த டாக்டர் இல்ல, அப்போ வேற ஒருத்தர். அவர் வாயைத் திறந்து பாத்துட்டு, பல்லு கல்லு மாதிரி இருக்கே, இதை எதுக்கு எடுக்கணும், கம்பி போட்டு மெதுவா இழுத்துக்கலாமேன்னாரு. நாந்தான், எதுக்கு டாக்டர் அரைகுறையா, எடுத்துடுங்கன்னேன். கல்யாணத்துக்கு நாள் இல்லையே. உள்ள போறதுக்கு முன்னாடி ரங்கன் பையிலேர்ந்து மவுத்பீசை எடுத்து என் கையில குடுத்தான், பாத்துக்கங்க மாஸ்டருன்னு. வெள்ளி மவுத்பீஸ். அவங்க அப்பா யாரோ வெள்ளைக்காரன் வீட்டு ஏலத்துல எடுத்ததாம், பையன் என்னைக்காவது ஊதுவான்னு. நான் உள்ளயே போய் நாற்காலி பக்கத்துல நின்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். கெட்டியா பிடிச்சிருந்தான். எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் விடல. எந்த லீடர் இப்படி நிப்பான், சொல்லுங்க. பக்கத்துல இருந்த ரெண்டு பல்லையும் ராவி, மூணும் சேத்து ஒரே செட்டா கட்டினாங்க. பீங்கான் கோப்பை மாதிரி பளபளன்னு இருந்துச்சு. கண்ணாடியில பாத்துட்டு ரங்கன் வாயை மூடவே இல்ல.

மவுத்பீசா? என்கிட்டேதான் இருக்கு. அதைச் சொல்றேன், இருங்க.

கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு நடுவுல மூணு வாரம் இருந்துச்சு. ரிகர்சலுக்கு வந்தான். உதடு வீங்கியிருக்கு மாஸ்டரு, சரியா உக்கார மாட்டேங்குதுன்னான். ரெஸ்ட் எடு, மேடையில வந்துடும்னேன். நான் செக்ரட்டரி பேச்சைத் தட்டல பாருங்க. அதுவரைக்கும் நடு இடத்தை எவனுக்கும் விட்டுக் குடுத்ததில்ல, அன்னைக்கு நானே விட்டேன். மைக்கைப் பிடிச்சு, இன்னைக்கு உச்சி எங்க ரங்கனுதுன்னு சொன்னேன். பொண்ணு வீட்டுக்காரங்களையும் நானே பாஸ் குடுத்து மொத வரிசையில உக்கார வெச்சிருந்தேன். புதுப் பொண்ணு பச்சைப் பட்டுப்பாவாடை தாவணியில வந்திருந்தா. மாப்பிள்ளை நடுவுல நிக்கிறதை அவங்க பாக்க வேணாமா?

வாத்தியமெல்லாம் நின்னுச்சு. ரங்கன் டிரம்பெட்டைத் தூக்கினான். காத்துதாம்மா வந்துச்சு. சைக்கிள் டியூப்ல முள்ளு குத்தின மாதிரி உஸ்ஸுனு. மறுபடி வெச்சான். மறுபடியும் உஸ்ஸு. மூணாவது தரம் ஏதோ ஒரு சத்தம், ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி. பின்னாடி எவனோ சிரிச்சான். ஒருத்தன் சிரிச்சா போதுமே. ஹாலே சிரிச்சுது. பொண்ணோட சின்னம்மாகூட முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு சிரிச்சாங்க. அவன் டிரம்பெட்டை வாயிலேர்ந்து எடுக்கவே இல்ல, அழுத்தி அழுத்தி வெச்சு ஊதுறான், உதடு கிழிஞ்சு மோவாய் வரைக்கும் ரத்தம். நான் எவ்ளோ நேரம் பாத்துக்கிட்டு நிக்கிறது? ஒரு பத்து எண்ணிட்டு, பின்னாடியிலேர்ந்து நான் எடுத்தேன். நல்லா இருந்துச்சும்மா அன்னைக்கு, எனக்கே தெரிஞ்சுது. வாழ்க்கையில அப்படி ஒரு உச்சி நான் பிடிச்சதில்ல. ஹால் எழுந்து நின்னு கை தட்டுச்சு. ஷோவைக் காப்பாத்திட்டேன். லீடர்னா அதுதான்.

கிளாடிஸ் மட்டும் வீட்டுக்கு வர்ற வழியில, வேணும்னேதான் பண்ணீங்களான்னு கேட்டா. அவன் நல்லதுக்குத்தான் பண்ணேன்னு சொன்னேன்.  அதுக்கப்புறம் அவ என் ஷோ எதுக்கும் வரல, இன்னைக்கு வரைக்கும். மூட்டுவலி.

ரங்கன் ஒரு வருஷம் போராடினான். காலையில கேரேஜ் வொர்க்ஸ் ஃபேக்டரி சங்கு ஊதுறதுக்கு முன்னாடி ரயில்வே பாலத்துக்கு அடியில போய் நின்னு ஊதுவான். ஊதுறது எங்கே, காத்து விடுவான். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லுவாங்க. அப்புறம் விட்டுட்டான். ஆனா நான் கைவிடல பாருங்க. வேற எவனா இருந்தாலும் போடா வீட்டுக்குன்னிருப்பான். நான் அவனுக்கு டாம்பரின் குடுத்தேன். ஒத்தக் கையில தட்டுற ஜால்ரா மாதிரி, தெரியுமில்ல? முப்பது வருஷமா என் பேண்டுல டாம்பரின் தட்டிக்கிட்டு இருக்கான். பெட்டி தூக்குவான், வயர் சுத்துவான், எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவான், அந்த வரிசைப் பல்லைக் காட்டிக்கிட்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைக் குத்தம் சொன்னதில்ல. என் நேரம் மாஸ்டரு, உதடு எனக்கு ராசி இல்லாம போச்சுன்னுதான் சொல்லுவான். மவுத்பீசைத் திருப்பிக் கேக்கவும் இல்ல. நல்ல வெள்ளி, சும்மா கெடந்து கறுக்கிறதுக்கு நான் ஊதலாமேன்னு எடுத்துக்கிட்டேன். அன்னையிலேர்ந்து அதுலதான் ஊதுறேன். இதோ, சட்டைப் பையில. வீட்டை விட்டு வெளிய போனா இது இல்லாம போக மாட்டேன்.

நர்ஸம்மா, இன்னும் எத்தனை பேரு? ஒருத்தரா? ஒருத்தர்தானா? சரி.

அவனுக்கு ஒரே பொண்ணு. மோனிஷா. இருவத்திநாலு வயசு. டிரம்பெட் ஊதுறா. எனக்கே தெரியாம யாரோ சர்ச் பேண்டுக்காரன்கிட்ட கத்துக்கிட்டிருக்கு. நோட்டும் படிக்குது, காதாலயும் பிடிக்குது. ரெண்டு வருஷமா என் பேண்டுல ரெண்டாவது டிரம்பெட். அப்பன்காரன் பொண்ணுக்குப் பின்னாடி நின்னு டாம்பரின் தட்டுவான், அவ ஊதுறப்போ மட்டும் தட்ட மறந்துடுவான். சிரிச்சான்னா அச்சு அசல் அப்பன். அதே எடத்துல அதே தெத்துப்பல்லு.

ஏம்மா நிமிர்ந்து உக்காந்துட்டீங்க? பஞ்சு, பஞ்சு. பாத்து.

எனக்கு அறுவத்தேழு வயசாச்சு. உச்சி எட்டுது, எட்டாம இல்ல. கொஞ்சம் சிரமம். பல்லு ஆடுறதால. இந்த டிசம்பர் இருவத்தாறு எங்க பேண்டுக்கு நாப்பதாவது வருஷம், அதே ஹால். போன மாசம் ரிகர்சல்ல நான் உச்சியில வழுக்கிட்டேன். கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணு கீழேர்ந்து ஏந்திப் பிடிச்சிடுச்சு. பசங்க எல்லாம் அவளைப் பாக்குறாங்க. எனக்கு அந்த ஈஸ்டர் ஞாபகம் வந்துடுச்சு. 

ரிகர்சல் முடிஞ்சதும் ரங்கனைத் தனியா கூப்பிட்டேன். ரங்கா, பொண்ணுக்கு வயசாகுதே, மாப்பிள்ளை பாக்குறே, போட்டோவுல அந்தப் பல்லு துருத்திக்கிட்டு நிக்கணுமா, எடுத்துட்டு வரிசையா கட்டிடலாம், செலவு என்னோடதுன்னு சொன்னேன். நல்லெண்ணத்துலதாம்மா. சின்னப் பொண்ணு. நாளைக்கு நல்ல எடம் அமையணும்.

 டாம்பரின் அவன் கையில இருந்துச்சு. அது சும்மாவே கிணுகிணுன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. என் மூஞ்சியையே பாத்தான், நான் ஏதோ புதுசா வந்த ஆளு மாதிரி. அப்புறம் டாம்பரினைத் தரையில வெச்சான். சட்டைப் பையைப் பாத்தான், இந்தப் பையை, மவுத்பீஸ் இருக்கிற பையை. வரேன் மாஸ்டருன்னு போயிட்டான். முப்பது வருஷத்துல அன்னைக்குத்தான் பெட்டியைத் தூக்காம போனான். நானே தூக்கிட்டு வந்தேன், தோள் வலிச்சுது.

கோவமோன்னு நெனைச்சேன். ஒண்ணும் இல்ல. அடுத்த ரிகர்சலுக்குச் சிரிச்சுக்கிட்டே வந்தான். எல்லாரும் இருக்கும்போது நடுவுல வந்து நின்னு சொன்னான். அன்னைக்கி எங்கல்யாணத்துக்கு மாஸ்டரு எனக்குப் பல்லு கட்டி வுட்டாரு. நாப்பதாவது வருசத்துக்கு நான் மாஸ்டருக்குக் கட்டி வுடப்போறேன், செலவு என்னுது, பரிசுன்னு வெச்சுக்கங்கன்னான். பசங்க எல்லாம் கை தட்டினாங்க. டிரம்ஸ்காரன் ஒரு உருட்டு உருட்டினான். அந்தப் பொண்ணு மட்டும் தட்டல, டிரம்பெட்டைத் துடைச்சுக்கிட்டிருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா. இப்படி ஒரு விசுவாசமா?

போன வாரம் இதே டாக்டர்கிட்ட காட்டினோம். சின்ன வயசு டாக்டர், நல்ல மாதிரி. பல்லைத் தட்டிப் பாத்துட்டு, ஐயா, கம்பியால பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டி விட்டுடறேன், இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்னாரு. ரெண்டு மூணு வருஷம்னா எனக்குப் போதுமே. நான் சரின்னு வாயைத் திறக்கிறேன், ரங்கன் முந்திக்கிட்டான். எதுக்கு டாக்டரு அரைகுறையா, எடுத்துடுங்க, மாஸ்டருக்கு ஷோ இருக்கு, போட்டோவுல வரிசையா நிக்கணும்னான். அதே வார்த்தை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்னதை அப்படியே மனசுல வெச்சிருக்கான் பாருங்க. பாசம் இருக்கிறவன்தான் அப்படி வெச்சிருப்பான்.

டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க ஐயான்னு என்னைக் கேட்டாரு.

வேணாம்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. டிரம்பெட் ஊதுறவன் முன்பல்லைத் தொடக் கூடாது டாக்டர், தொட்டா அவ்ளோதான், அப்புறம் ஊதவே முடியாதுன்னு நான் சொல்லணும். ரங்கன் பக்கத்துலயே நிக்கிறான். என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் அதைச் சொன்னா, அப்போ அன்னைக்கு நீங்க எனக்கு...

அதை விடுங்கம்மா.

சரின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது.

என்னம்மா, கையைக் கையைக் காட்டுறீங்க? வாசலையா? எழுந்து போயிடச் சொல்றீங்களா? நீங்களும் நல்லவங்கதான். எங்கேம்மா போறது? வாசப் படியிலதான் அவன் உக்காந்திருக்கான். அவனைத் தாண்டித்தான் போகணும். ஏன் மாஸ்டரு எழுந்து வந்துட்டீங்கன்னு கேப்பான். பயமாயிருக்குன்னு சொல்லலாமா? அவனுக்கும்தான் அன்னைக்குப் பயம், கையைப் பிடிச்சுக்கிட்டு நான் சமாதானம் சொன்னேனே. பேண்டுல பத்து பேருக்கும் தெரியும் நான் இன்னைக்கு இங்க வந்திருக்கேன்னு. இப்போ போனா, எதுக்குப் போனேன்னு எல்லாரும் உக்காந்து யோசிப்பாங்க. முப்பத்தோரு வருஷமா யோசிக்காததை யோசிப்பாங்க. அதுக்கு இந்தப் பல்லு போறதே மேல்.

இன்னைக்கு இருவத்தாறுக்குச் சரியா மூணு வாரம் இருக்கு. ஒரு வாரம் உதடு வலிக்கும். அப்புறம் பழைய மாதிரிதான். அப்படித்தாம்மா ரங்கன் சொன்னான் ஆட்டோவுல வர்றப்போ. உச்சி உங்களுதுதான் மாஸ்டரு, நடு எடம் உங்களுதுதான், நானே மைக்குல சொல்றேன்னான். மோனிஷா பின்னாடி நிக்குமாம். கிளாடிஸையும் அவனே வீட்டுக்கு வந்து அழைச்சுட்டான், மொத வரிசையில சீட்டு போட்டு வெக்கிறேன் அக்கான்னு. முப்பத்தோரு வருஷமா வராதவ, வரேன்னுட்டா. மூட்டுவலி என்னாச்சுன்னு நான் கேக்கல.

என்னைக் கூப்பிடுறாங்க. டெஸ்மண்டா? ஆமாம்மா, நாந்தான். ஒரு நிமிஷம் நர்ஸம்மா. வரேன். ஒரே ஒரு நிமிஷம்.

ஏம்மா, உங்களுக்கு எடுக்குறப்போ வலிச்சுதா? இல்லையா? சத்தம் மட்டும் கேக்குமா? மண்டைக்குள்ளயா? அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு, பக்கத்துல நின்னவனுக்கே. முருங்கைக் கிளையை முறிக்கிற மாதிரி. ரங்கன் என் கையை விடவே இல்ல.

இதோ, எழுந்து உள்ள வரான் பாருங்க. அவனுக்கு எப்படிக் கேட்டுச்சோ என் பேரைக் கூப்பிட்டது. நாற்காலி பக்கத்துல நின்னு என் கையைப் பிடிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கான். சிரிக்கிறான் பாத்தீங்களா? எவ்ளோ வரிசையா இருக்கு. நான் கட்டி விட்டதும்மா அது.

வரேன் ரங்கா. இதோ வரேன்பா.

என்ன? கையை எதுக்கு நீட்டுற?

ஓ, மவுத்பீசா. ஆமா, உள்ள போறப்போ எதுக்கு அது. இந்தா, பத்திரம்.